காதால் படித்த பழைய அறிவியல் புனைகதைகள்: லிப்ரிவாக்ஸ் தொகுப்புகளும் எக்ஸ் மைனஸ் ஒன்னும்

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1930களிலிருந்து 1960களின் தொடக்கம் வரை அமெரிக்க இதழ்களில் வெளிவந்த அறிவியல் புனைகதைகளின் மேல் உங்களுக்கு ஆசை இருந்தால், லிப்ரிவாக்ஸ் தளத்தில் இருக்கும் ‘ஷார்ட் சயின்ஸ் ஃபிக்‌ஷன் கலெக்‌ஷன்’ ஒலித்தொகுப்புகளில் ஒன்றைத் தரவிறக்கிக் கேளுங்கள். காசு கிடையாது. பெயர் பதிய வேண்டியதில்லை. இடையில் விளம்பரம் வராது. சென்ட்ரலை ஒட்டியிருந்த பழைய மூர் மார்க்கெட்டில் நான் இளம் வயதில் வாங்கிப் படித்த கதைகள் பல அங்கே இருக்கின்றன. அன்று கண்ணில் படாத வேலைப்பாடுகள் இன்று காதில் விழுகின்றன.

நான் சென்னை அச்சகங்களில் மெய்ப்புத் திருத்துபவனாக இருந்தவன். ஆங்கிலச் சட்டத் தீர்ப்புகளை அச்சிடும் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இரண்டு பேர் உட்கார்ந்துதான் புரூஃப் பார்ப்போம். காப்பி ஹோல்டர் என்று ஒருவர் மூலப்பிரதியை உரக்கப் படிப்பார். கமா, ஃபுல்ஸ்டாப், பத்தி முடிவு எல்லாவற்றையும் வாய்விட்டே சொல்வார். மற்றவர் கேலிப் புரூஃபில், அதாவது அச்சுக்கோத்ததும் எடுக்கும் நீளத்தாள் படியில், வரி வரியாகப் பேனாவை நகர்த்திக்கொண்டு வருவார். தெரிந்த சொல்லின் தலையைக் கண்டவுடன் கண் அடுத்த சொல்லுக்குத் தாவிவிடும். காதுக்கு அந்தத் தாவல் கிடையாது. படிப்பவரின் வாய் போகிற வேகத்தில்தான் அதுவும் போக வேண்டும். விட்டுப்போன சொல்லும் இருமுறை விழுந்த வரியும் மட்டுமல்ல, நீதிபதியின் வாக்கியத்தில் ஒளிந்திருக்கும் ஒரு தயக்கம்கூட அப்படித்தான் பிடிபடும். இந்த ஒலிக்கதைகளை நான் அளப்பதும் அதே அளவுகோலால்தான்.

லிப்ரிவாக்ஸை 2005இல் தொடங்கியவர் கனடாவின் மான்ட்ரியலில் வாழும் ஹியூ மெக்குவயர். அமெரிக்கச் சட்டப்படி காப்புரிமை நீங்கிய எழுத்துகளைத் தன்னார்வலர்கள் தங்கள் வீட்டிலிருந்தே ஒலிவாங்கி முன் படித்துப் பதிவுசெய்கிறார்கள். அந்தப் பதிவுகளையும் பொதுவுடைமையாகவே விட்டுவிடுகிறார்கள். கோப்புகள் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச இணையக் காப்பகத்தில் சேமிக்கப்படுகின்றன. நான் சொல்லும் தொகுப்பு எண் வரிசையில் வளர்ந்துகொண்டே போவது. ஒவ்வோர் எண்ணிலும் பத்து முதல் இருபது கதைகள் இருக்கும். எந்தக் கதையைப் படிப்பது என்று முடிவுசெய்கிறவர் படிப்பவரே. ஆகவே ஒவ்வொரு கதைக்குப் பின்னாலும் அதை விரும்பிய ஒருவராவது இருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த செய்தி இன்னொன்று உண்டு. பதிவு வெளியாவதற்கு முன் வேறொரு தன்னார்வலர் அதை முழுக்கக் கேட்டு, விட்டுப்போன வரி, திரும்ப வந்த வரி, நீண்ட மௌனம் ஆகியவற்றைக் குறித்துக் கொடுக்கிறார். எங்கள் அச்சகத்து வேலை அது! உலகின் எந்த மூலையிலோ யாரோ ஒருவர் அதைச் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருக்கிறார் என்பது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி தருகிறது.

இவ்வளவு கதைகள் இலவசமாக எப்படிக் கிடைக்கின்றன என்று சந்தேகம் வரலாம். 1964க்கு முன் அமெரிக்காவில் வெளியான படைப்புக்கு முதலில் 28 ஆண்டுகள் உரிமை. 28ஆம் ஆண்டில் முறைப்படி புதுப்பித்தால்தான் அது தொடரும். மலிவுத் தாளில் அச்சாகி, மாதம் முடிந்ததும் எடைக்குப் போன இதழ்களின் கதைகளுக்கு யார் அதைச் செய்வார்கள்? பல இதழ்களே அதற்குள் நின்றுபோயிருந்தன. காப்புரிமை நீங்கிய நூல்களை இலவசமாகத் தரும் புராஜெக்ட் குட்டன்பர்க் தளம் அந்த இதழ்களைத் தேடி எடுத்து, உரிமை புதுப்பிக்கப்பட்டதற்கான சான்று கிடைக்கவில்லை என்ற குறிப்போடு எழுத்து வடிவில் வெளியிட்டது. லிப்ரிவாக்ஸ் வாசகர்கள் பெரும்பாலும் அந்த எழுத்தைப் பார்த்துத்தான் படிக்கிறார்கள். பிற நாடுகளில் இருப்பவர்கள் தங்கள் நாட்டுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று இரண்டு தளங்களும் சொல்கின்றன. இதன் மறுபக்கத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். அசிமோவ், பிராட்பரி, கிளார்க் என்ற பெரும்பெயர்களின் புகழ்பெற்ற கதைகளைத் தேடி இங்கே வரக்கூடாது. அசிமோவின் ‘யூத்’, பிராட்பரியின் ‘எ லிட்டில் ஜர்னி’ என்று ஒன்றிரண்டு தட்டுப்படும், அவ்வளவுதான். பிலிப் கே. டிக், ராபர்ட் ஷெக்லி, ஃபிரிட்ஸ் லைபர், ஃபிரெடரிக் போல், கேத்தரின் மெக்லீன் ஆகியோரின் இதழ்க் கதைகள்தான் இங்கே நிறைந்த சரக்கு. அது ஒன்றும் குறைவான சரக்கு இல்லை.

இந்தக் கதைகள் காதுக்கு இவ்வளவு பொருந்துவது தற்செயல் அல்ல என்று நினைக்கிறேன். இவற்றில் நல்லவை பல கேலக்சி இதழில் வந்தவை. 1950 அக்டோபரில் அது தொடங்கியபோது ஆசிரியர் எச். எல். கோல்ட். போருக்குப் பின் அவருக்கு வெளியிடங்களுக்குப் போக முடியாத அச்சம் பற்றிக்கொண்டது. நியூயார்க்கில் தன் குடியிருப்பை விட்டு வெளியே வராமலே இதழை நடத்தினார். எழுத்தாளர்களோடு அவருக்கு இருந்த தொடர்பில் பெரும்பகுதி தொலைபேசி வழியாகத்தான். கதையின் கருவை வாயால் சொல்லி, வாயாலேயே சண்டை பிடித்து, திருத்தச் சொல்லி வாங்கினார். சொல்லுக்கு மூன்று சென்ட் கொடுத்தார்; அந்தக் காலத்துக்கு அது நல்ல கூலி. தொலைபேசியில் சொன்னால் எதிர்முனையில் இருப்பவருக்கு விளங்க வேண்டும் என்ற கட்டாயத்தில் உருவான கதைகளில் சுற்றிவளைப்பு குறைவாகத்தானே இருக்கும்?

ஃபிரிட்ஸ் லைபரின் ‘எ பெய்ல் ஆஃப் ஏர்’ அப்படிப்பட்டது. கேலக்சியில் 1951 டிசம்பரில் வந்தது. கேட்க ஏறத்தாழ முக்கால் மணி நேரம். ஒளியிழந்த விண்மீன் ஒன்று பூமியைச் சூரியனிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. காற்றே உறைந்து தரையில் அடுக்கடுக்காகப் படிந்து கிடக்கிறது: அடியில் தண்ணீர்ப் பனி, அதன்மேல் கரியமில வாயு, அதன்மேல் நைட்ரஜன், அதன்மேல் வெளிர் நீல ஆக்சிஜன். ஒரு குடும்பம் கம்பளங்களையும் போர்வைகளையும் தொங்கவிட்டு அமைத்த கூட்டுக்குள் நெருப்பை அணையவிடாமல் உயிர்பிழைக்கிறது. ஒரு வாளி காற்றை மொண்டுவர அப்பா மகனை வெளியே அனுப்புவதில் கதை தொடங்குகிறது.

இருபது வயதில் இதைப் படித்தபோது என்னைப் பிடித்துக்கொண்டது அந்த உறைந்த காற்றின் அடுக்குதான். பள்ளி இயற்பியல் புத்தகம் உயிர்பெற்றுவிட்டதைப் போன்ற பரவசம். இப்போது கேட்டபோது அந்தப் பையன் முன்னால் வந்து நின்றான். கதை முழுவதும் அவன் வாய்மொழி. உலகம் இப்படி இருப்பது அவனுக்கு வியப்பே இல்லை. வேறு உலகம் அவனுக்குத் தெரியாது. அம்மாவின் நடுக்கத்தையும் அப்பாவின் களைப்பையும் வாளியின் எடையையும் ஒரே தொனியில் சொல்லிக்கொண்டு போகிறான். நான் கேட்ட வாசிப்பில் படிப்பவர் நடுவயதுக்காரர். சிறுவனின் குரலைப் போலிசெய்ய முயலவே இல்லை. வாக்கியங்கள் எங்கே நின்றனவோ அங்கே நிறுத்தினார், அவ்வளவுதான். அம்மாவைப் பற்றிய வரிகளுக்குப் பிறகு வந்த அந்தச் சிறிய இடைவெளிகளில் பையனின் பயம் முழுவதும் இருந்தது. நடுவில் ஓர் இடத்தில் அப்பா நெருப்பைச் சுற்றிக் குடும்பத்தை உட்காரவைத்துப் பழைய பூமியின் கதையைச் சொல்கிறார். பல முறை சொன்ன கதை, எல்லாருக்கும் தெரிந்த கதை. அச்சில் அது பின்னணித் தகவல் தரும் பகுதியாகத் தோன்றும், கண் வேகமாகக் கடந்துவிடும். காதால் கேட்கும்போது நாமும் அந்த வட்டத்தில் ஒருவராக உட்கார்ந்துவிடுகிறோம். அந்தப் பகுதிக்காகவே இந்தக் கதையை மறுபடியும் கேட்டேன்.

ஃபிரெடரிக் போலின் ‘தி டனல் அண்டர் த வேர்ல்ட்’ வேறு வகை. 1955 ஜனவரி கேலக்சி. ஜூன் 15 காலை ஒரு கெட்ட கனவிலிருந்து அலறிக்கொண்டு எழுகிறான் கய் பர்க்கார்ட். அவன் வேலைக்குப் புறப்படும் ஊரில் எல்லாம் வழக்கம்போல இருக்கிறது. விளம்பரங்கள் மட்டும் கொஞ்சம் அதிகமாகக் கத்துகின்றன. மேலே சொன்னால் கதை போய்விடும். ஒலிபெருக்கி கட்டிய வண்டி ஒன்று தெருவில் வந்து, உங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டி நாறுகிறது, ஃபெக்கிள் பெட்டி வாங்குங்கள் என்று பெயரைத் திரும்பத் திரும்பக் கத்தும் இடம் ஒன்று வரும். அச்சில் இரண்டு ஃபெக்கிளைப் பார்த்ததும் மீதியைக் கண் தானாகவே விட்டுவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடும். ஒலியில் அதற்கு வழியில்லை. ஒவ்வொரு ஃபெக்கிளையும் கேட்டே தீர வேண்டும். பர்க்கார்டுக்கு ஏற்படும் எரிச்சல் அப்படியே நமக்கு ஏற்படுகிறது. மனிதனை வாங்கவைக்க எவ்வளவு தூரம் போவார்கள் என்பதுதான் கதையின் உள்ளடக்கமே என்பதால், அந்த எரிச்சலைத் தவறவிட்டவர் கதையில் பாதியைத் தவறவிட்டவர். ஃபிரெடரிக் போல் விளம்பர எழுத்தாளராக வேலை பார்த்தவர். எத்தனை முறை கத்தினால் தாங்க முடியாது என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

முடிவைக் காப்பாற்றுவதிலும் காது உதவுகிறது. இந்தக் கதைகளில் பல கடைசி வரியில் திரும்புபவை. பிலிப் கே. டிக்கின் முதலில் அச்சான கதையான ‘பியாண்ட் லைஸ் த வப்’ (பிளானட் ஸ்டோரீஸ், ஜூலை 1952) ஒரு நல்ல உதாரணம். செவ்வாயில் ஐம்பது சென்டுக்கு வாங்கிய பன்றி போன்ற ஒரு பிராணி கப்பலில் வாய்திறந்து பேசத் தொடங்குகிறது, ஒடிசியஸைப் பற்றி விவாதிக்கிறது. கேப்டனுக்கோ அதைச் சமைத்துச் சாப்பிட வேண்டும். இதழின் கடைசிப் பக்கத்தைப் புரட்டும்போதே அடியில் இருக்கும் குட்டி வரி கண்ணில் பட்டுவிடும், வேண்டாமென்றாலும் படும். ஒலியில் கடைசி வரி கடைசியில்தான் வரும். இருபது நிமிடக் கதை இது. எங்கே தொடங்குவது என்று கேட்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

ஸ்டான்லி வெய்ன்பாமின் ‘எ மார்ஷியன் ஒடிசி’ (1934) இன்னும் பழையது. செவ்வாயில் தனியாகச் சிக்கித் திரும்பிய ஜார்விஸ் தன் சகாக்களிடம் நடந்ததைச் சொல்வதாகவே பெரும்பகுதியும் அமைந்திருப்பதால் உரக்கப் படிப்பதற்கு இதைவிடப் பொருத்தமான கதை குறைவு. தான் என்ன செய்கிறோம் என்று அறியாமலே செங்கல் செங்கலாக வெளித்தள்ளிப் பிரமிடுகளைக் கட்டிக்கொண்டு போகும் சிலிக்கான் உயிர், ஜார்விஸ் சொன்ன சொற்களையே திரும்பக் கூவிக்கொண்டு வண்டி தள்ளும் பீப்பாய் உருவங்கள், மனிதனைப் போலச் சிந்திக்காமலே மனிதனுக்கு நண்பனாகும் ட்வீல் என்று வெய்ன்பாமின் கற்பனை இன்றும் பளிச்சென்று இருக்கிறது. அடுத்த ஆண்டே 33 வயதில் இறந்துவிட்டார். எவ்வளவு பெரிய இழப்பு! ஆனால் சகாக்களில் ஒருவர் ஜெர்மானியர், ஒருவர் பிரெஞ்சுக்காரர். அவர்களின் உடைந்த ஆங்கிலத்தை வெய்ன்பாம் எழுத்திலேயே காட்டியிருப்பதால், அந்த இடங்கள் படிப்பவரின் திறமையை மிகவும் சோதிக்கும். நம் காதுக்கும் கடினம்தான்.

இனி எக்ஸ் மைனஸ் ஒன். அமெரிக்காவின் என்பிசி வானொலியில் 1955 ஏப்ரல் முதல் 1958 ஜனவரி வரை ஒலிபரப்பான அரை மணி நேர நாடகத் தொடர் இது. 1950-51இல் வந்த டைமென்ஷன் எக்ஸ் தொடரின் வாரிசு. ஏவுகணை கிளம்பும் எண்ணிக்கையோடு தொடங்கும். 120க்கும் மேற்பட்ட நாடகங்கள். எர்னஸ்ட் கினாய், ஜார்ஜ் லெஃபர்ட்ஸ் இருவரும் பெரும்பாலானவற்றை எழுதினார்கள். பல நாடகங்கள் கேலக்சி கதைகளிலிருந்து எடுத்தவை. இவையும் இன்டர்நெட் ஆர்க்கைவில் கேட்கக் கிடைக்கின்றன. மேலே சொன்ன லைபரின் கதையும் போலின் கதையும் 1956இல் நாடகமாயின. நடிகர்கள் தேர்ந்தவர்கள், ஒலிக்கலவை இன்றைக்கும் வியக்கவைக்கிறது. இருந்தாலும் பெரும்பாலான கதைகளுக்கு நான் தனிக்குரல் வாசிப்பின் பக்கம்தான். அரை மணி நேரத்துக்குள் அடைக்க வேண்டும் என்பதால் நாடகம் உரையாடலை வைத்துக்கொண்டு வருணனையை வெட்டுகிறது. லைபரின் உயிர் வருணனையில் இருக்கிறது. அந்தப் பையன் கவனிக்கும் சின்னச் சின்னப் பொருள்களை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு சாகசக் கதை.

விதிவிலக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும்: கேத்தரின் மெக்லீனின் ‘பிக்சர்ஸ் டோன்ட் லை’. 1951 ஆகஸ்ட் கேலக்சி, வானொலியில் 1956. விண்ணிலிருந்து வரும் சமிக்ஞைகளைப் பிடித்து, அவற்றின் வேகத்தைக் குறைத்து விளங்கிக்கொண்ட ஒரு ராணுவ வானொலி நிபுணர், வந்திறங்கப்போகும் கப்பலோடு பேசிக்கொண்டிருக்கிறார். பத்திரிகைக்காரர்கள் விமான நிலையத்தில் காத்திருக்கிறார்கள். கப்பலில் இருப்பவர்கள் இறங்கிவிட்டோம் என்கிறார்கள். ஓடுதளத்தில் ஒன்றும் இல்லை. குரலும் சமிக்ஞையும் மட்டுமே ஆதாரமாக இருக்கும் இந்தக் கதையை வானொலியில் கேட்பவருக்கும் அதே நிலைதான். நாமும் குரலை மட்டும் வைத்துக்கொண்டு கப்பல் எங்கே என்று தேடுகிறோம். வானொலிக்கென்றே எழுதிய கதையோ என்று எண்ண வைக்கிறது. ஆண்கள் நிறைந்திருந்த அந்த இதழ்களில் இருபத்தாறு வயதுப் பெண் எழுதியது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

காரணம், இந்தத் தொகுப்புகளில் எனக்கு உறுத்துவது அதுதான். பல கதைகளில் பெண்கள் காப்பி போடுகிறார்கள், அழுகிறார்கள், அல்லது கதாநாயகன் விளக்கம் சொல்வதற்காகக் கேள்வி கேட்கிறார்கள். படிக்கும்போது கடந்துவிடும் அந்த வரிகளை ஒரு மனிதக் குரல் உரக்கச் சொல்லும்போது காது கூசுகிறது. மறைக்காமல் அப்படியே படிப்பதுதான் சரி என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை.

தரத்தைப் பற்றி. லிப்ரிவாக்ஸ் யாருடைய குரலையும் பிடிக்கவில்லை என்று தள்ளுவதில்லை. அது அவர்களின் கொள்கை. ஆகவே ஒரே தொகுப்பில் அருமையான வாசிப்பும் தட்டையான வாசிப்பும் அடுத்தடுத்து வரும். ஒலியளவும் கதைக்குக் கதை மாறும். ஒவ்வொரு கதையின் தலையிலும் இது லிப்ரிவாக்ஸ் பதிவு என்ற அறிவிப்பு வரும். தொடர்ந்து கேட்பவர்களுக்கு அது சலிக்கலாம், எனக்குச் சலிக்கவில்லை. இதற்கு மாற்றாகக் கணினிக்குரலில் இதே கதைகளைப் படித்துத் தரும் ஒரு கட்டணச் செயலியையும் முயன்றேன். உச்சரிப்பு சுத்தமாக இருந்தது, பிசிறே இல்லை. ஆனால் ‘பெய்ல் ஆஃப் ஏர்’ பையன் அம்மாவைப் பற்றிச் சொன்ன வரியையும் வாளியைப் பற்றிச் சொன்ன வரியையும் அது ஒரே இடைவெளி விட்டுப் படித்தது. எங்கள் அச்சகத்தில் அப்படி ஒருவர் படித்திருந்தால்கூட நாங்கள் பிழைகளைப் பிடித்திருப்போம். நீதிபதியின் தயக்கத்தைப் பிடித்திருக்க மாட்டோம். மூக்கடைப்போடு படிக்கும் தன்னார்வலரே எனக்குப் போதும்.

புதிதாகக் கேட்பவர்களுக்குச் சில வார்த்தைகள். அமெரிக்க உச்சரிப்பு பழகாதவர்கள் புராஜெக்ட் குட்டன்பர்க்கில் அதே கதையின் எழுத்தைத் திறந்து வைத்துக்கொண்டு முதல் ஐந்து நிமிடம் மட்டும் கூடவே படியுங்கள். பெயர்கள் மனதில் நின்றதும் மூடிவிடுங்கள். வேகத்தைக் கூட்டிக் கேட்காதீர்கள். இடைவெளிகள் நசுங்கிப் போகும். தரவிறக்கத்துக்கு 64 கேபிபிஎஸ் என்ற சிறிய அளவுக் கோப்பே போதும், முக்கால் மணி நேரக் கதை இருபத்திரண்டு எம்பிக்குள் அடங்கிவிடும். ஒரே கதைக்குச் சில சமயம் இரண்டு மூன்று வாசிப்புகள் இருக்கும். ஒருவரின் குரல் ஒட்டவில்லை என்றால் கதையைக் கைவிடாமல் இன்னொருவரைத் தேடுங்கள். நாடகமும் வாசிப்பும் இரண்டும் கிடைக்கும் கதைகளில் வாசிப்பை முதலில் கேளுங்கள். மெக்லீன் கதைக்கு மட்டும் அந்த வரிசையைத் திருப்பிவிடலாம்.